பழகிப்போன வாடை



சென்ற வாரம் எனக்கு நேர்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பெரிய தரிசனமோ அற்புதமோ அன்று. சிதம்பரத்தில் என் தாயாரின் வீட்டில் கேஸ் அடுப்பு பழுதானதும், அதை நான் சரிசெய்யப் போனதும்தான் இந்த வாரச் சிந்தனை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் உண்டு. வெட்கத்தின் காரணம் போகப்போக உங்களுக்கு விளங்கும்.

என் தகப்பனார் காலமான பின்பு அம்மா சிதம்பரத்தில் தனியாகத்தான் இருக்கிறார்கள். கடலூருக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும், "எனக்கு இந்த வீடு போதும்" என்பார்கள். கண்புரை அறுவைக்காக மட்டும் ஒரு மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார்கள். கண் தெளிந்தவுடன் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பிய சில நாட்களில் தொலைபேசியில் அம்மா சொன்ன முதல் குறை இது:

"தம்பி, அடுப்பு சரியா எரியல. மஞ்சளா எரியுது. பாத்திரமெல்லாம் அடியில கரி பிடிக்குது."

சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில் சுடர் மஞ்சளாவது உண்டு. ஆகவே, "சிலிண்டர் தீரப்போகுதும்மா, மாத்திடுங்க" என்றேன். மாற்றினார்கள். அடுத்த வாரமும் அதே குறை. "பர்னரைக் கழுவிப் பாருங்கம்மா" என்றேன். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். மூன்றாம் வாரமும் அதே குறை. "ஆள் கூப்பிட்டுப் பாருங்கம்மா, எனக்கு இங்கே கூட்டங்கள் இருக்கு" என்றேன். அந்த மூன்று வாரங்களும் நான் உங்கள் முன் நின்று விழித்திருத்தலைக் குறித்துத்தான் பிரசங்கித்தேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

நான்காம் வாரம் அம்மா அடுப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் என்னைக் குத்தியது. திங்கட்கிழமை காலையில் கடலூரிலிருந்து பேருந்து ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து போகிற அந்தச் சாலையை நீங்கள் அறிவீர்கள். நினைத்தால் ஒன்றரை மணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய தூரந்தான்.

அடுப்பு பழுதானால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழுது இரண்டு பர்னரிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? இரண்டிலும் என்றால், இரண்டுக்கும் பொதுவான சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர் குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் குறை அந்தப் பர்னருக்குள்ளேயே இருக்கிறது. தொலைபேசியில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வீட்டில் போய்ப் பற்றவைத்துப் பார்த்தபோது வலப்பக்கப் பர்னர் நீலமாகவே எரிந்தது. இடப்பக்கத்துப் பெரிய பர்னர் மட்டும் மஞ்சளாக, நீண்ட நாக்குகளோடு ஆடியது. நல்ல சிலிண்டரை வீணாக மாற்றச் சொல்லியிருக்கிறேன்!

சுடர் ஏன் மஞ்சளாகிறது? கேஸ் முழுமையாக எரிவதற்குப் போதிய காற்று அதனோடு கலக்கவேண்டும். காற்று குறைந்தால் எரிந்து முடியாத கரித்துகள்கள் சுடருக்குள்ளேயே பழுக்கக் காய்ந்து ஒளிர்கின்றன. அந்த ஒளியே மஞ்சள் நிறம். அந்தத் துகள்களே பாத்திரத்தின் அடியில் கரியாகப் படிகின்றன. ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே இதைச் சிறுவர்களுக்கு விளக்கிக் காட்டியவர் மைக்கேல் பாரடே. 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் காலத்தில் லண்டனில் அவர் ஆற்றிய அந்த உரைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. கொல்லன் மகனாகப் பிறந்து உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானியான அவர், ஒரு சிறிய சபையில் மூப்பராகவும் ஊழியம் செய்தவர். அதே காலத்தில், 1855ஐ ஒட்டி, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ராபர்ட் புன்சன் தம் ஆய்வுக்கூடத்திற்காக ஒரு விளக்கைச் செய்வித்தார். கேஸ் எரியுமுன்பே காற்றை அதனோடு கலந்துவிடுவதே அதன் நுட்பம். நம் வீட்டு அடுப்பும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. அடுப்புக்கு அடியில், ஜெட் என்று சொல்லப்படும் சிறு பித்தளைத் துளையிலிருந்து கேஸ் பீறிட்டு ஒரு குழலுக்குள் பாய்கிறது. பாயும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. குழலில் அடைப்பு இருந்தால் காற்று போதாது, சுடர் மஞ்சளாகும். அறை அடைத்திருந்தால் நச்சுப் புகையும் சேரும்.

பர்னரின் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் கரிந்து அடைத்திருந்தன. கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, மீண்டும் பொருத்தினேன். பழையபடி மஞ்சளாகவே எரிந்தது. பிறகு ரெகுலேட்டரை மூடி, அடுப்பை நிமிர்த்தி வைத்து, டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். உள்ளே ஒரு மண் உருண்டை தெரிந்தது. அது குளவிக் கூடு! அம்மா எங்களோடு கடலூரில் இருந்த அந்த ஒரு மாதத்தில், பூட்டிய வீட்டின் எரியாத அடுப்புக்குள் ஒரு குளவி குடியேறி, மண் சுமந்து வீடு கட்டிவிட்டுப் போயிருந்தது. மெல்லிய கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டி எடுத்தேன். ஜெட்டின் துளையை மட்டும் தொடவில்லை. அதில் ஊசியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, கேஸ் அளவுக்கு மீறி வரும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன்.

மறுபடி பற்றவைத்தேன். வட்டமாக, அமைதியாக, நீலமாக எரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "நெய்வேலி லெகோ கரியைக் குமுட்டியில போட்டு ஊதி ஊதிச் சமைச்சவ நான். கேஸ் வந்தப்போ இந்த நீல நெருப்பப் பாத்துத்தான் அதிசயப்பட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்கள். நான் கைகழுவிக்கொண்டு, வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிரியமானவர்களே, இந்தச் சிந்தனையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! உள்ளே கட்டிய கூட்டை அகற்றினால் சுடர் நீலமாகும் என்று ஒரு நல்ல பிரசங்கம் கிடைத்திருக்கும். உண்மையில், பேருந்தில் திரும்பும்போது அதை எழுதிவிடலாம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பொழுது வாசலில் மீன்காரப் பெண்மணியின் குரல் கேட்டது. கிள்ளையை அடுத்த முடசல்ஓடையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். கூடையை இறக்கி வைத்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயா, இன்னிக்கும் கேஸு வாடை வருதே. போன வாரமே சொன்னேனே" என்றார்.

எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் பதில் பேசாமல் அடுக்களை வாசல்வரை வந்து நின்று, மறுபடி மோந்து பார்த்து, "அடுப்ப அணைங்க ஐயா" என்றார். அணைத்தேன். எழுந்த பதற்றத்தில், வாடையை வெளியேற்றும் எண்ணத்தோடு, என் கை காற்றுப்போக்கி விசிறியின் சுவிட்சுக்குப் போனது.

"சுவிச்சத் தொடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டேன்.

ரெகுலேட்டரை மூடச் சொன்னவர் அவர். சன்னல் கதவுகளைத் திறந்தவர் அவர். உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கியபோது அவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு படிந்து, மூலைகளிலும் சாக்கடைத் துளையிலும் தேங்கும். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே சிறு பொறி எழும், அந்தப் பொறியே போதும். இவை எனக்கும் தெரிந்தவைதான். தெரிந்தும் என் கை சுவிட்சுக்குத்தான் போனது. அதற்கு முன் அந்த அடுக்களையில் நான் எத்தனை தீக்குச்சி கிழித்தேன் என்று எண்ணிப் பார்க்கவே நடுங்குகிறது.

சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை வெளியே வைத்தோம். கேஸ் வழங்குகிற இடத்திற்குப் பேசினேன். பிற்பகலில் மெக்கானிக் வந்தார். வீடு நன்றாகக் காற்றாடிய பின்பு, அடுப்பின் திருகுகளை மூடிவைத்து, குழாயில் சோப்பு நுரையைத் தடவினார். அடுப்பின் பின்புறத்தில், குழாய் அடுப்போடு சேருகிற இடத்தில், நுரை சிறு சிறு குமிழிகளாகக் கொப்பளித்தது. சுவரை ஒட்டிய அந்த முனையில் ரப்பர் வெடித்திருந்தது. குழாயில் அச்சிட்டிருந்த வருடத்தை அவர் எனக்குக் காட்டினார். ஐந்து வருடத்திற்கு ஒருமுறை மாற்றவேண்டிய குழாய் அது. என் தகப்பனார் உயிரோடிருந்தபோது அவர் கையால் மாற்றியது. அவருக்குப் பின் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

இனி என் வெட்கத்தின் காரணத்தைச் சொல்கிறேன்.

நான் அந்த அடுக்களைக்குள் நெடுநேரம் இருந்ததால் என் மூக்கு வாடைக்குப் பழகிப்போயிற்று. எந்த வாடையும் தொடர்ந்து இருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதைச் சொல்லாமல் விட்டுவிடும். வெளியிலிருந்து வருகிறவருக்கு உடனே தெரியும். சரி, அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? போன வாரமே மீன்காரம்மா சொன்னபோது ஏன் கண்டுகொள்ளவில்லை? நான் கேட்டபோது அம்மா தலைகுனிந்து மெதுவாகச் சொன்னார்கள்:

"எனக்கு வாசனையே தெரியறதில்ல தம்பி. ரெண்டு வருசமாச்சு."

மீன்காரப் பெண்மணிக்கு அது தெரிந்திருந்தது. முன்பெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, விலை பேசி வாங்கிய அம்மா, இரண்டு வருடமாக "நல்ல மீனான்னு நீயே சொல்லு" என்று கேட்கிறார்களாம். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாள்தோறும் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்ட மகனுக்கு அது தெரியவில்லை. சென்ற கிறிஸ்மஸில் அம்மா வைத்த குழம்பு சப்பென்றிருந்தது. "பாட்டியின் கைப்பக்குவம் போயிற்று" என்று பிள்ளைகள் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்கள். வாசனை போனால் ருசியும் போகும் என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"இது என்ன ஒரு நோவா? நீயும் வேலையா இருப்பே" என்றார்கள்.

நான் என்ன பதில் சொல்லமுடியும்?

அன்பானவர்களே, சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கசிந்தால் நாம் அறியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்கிற துர்நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். இந்த வழக்கம் பரவியதன் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், 1937 மார்ச் 18 அன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கசிந்து தேங்கியிருந்த வாடையற்ற இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்புதான் எரிவாயுவில் வாடை சேர்க்கவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் அடுக்களையில் மூக்கைச் சுளிக்கவைக்கும் அந்த நாற்றம் அந்தப் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்து நமக்குக் கிடைத்த எச்சரிப்பு.

எச்சரிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு மூக்கு வயதினாலோ நோயினாலோ உணர்வை இழந்திருந்தது. இன்னொரு மூக்கு அங்கேயே இருந்து பழகிப்போயிருந்தது. இரண்டுக்கும் வாடை எட்டவில்லை. மனச்சாட்சியைக் குறித்தும் நான் அப்படியே பயப்படுகிறேன். ஒரு வீட்டுக்குள் நெடுநாள் இருக்கிறவனுக்கு அந்த வீட்டின் கசிவு தெரிவதில்லை. என் ஊழியத்தின் ஓட்டத்தில் என் தாயாரின் குரல் எனக்குப் பழகிப்போயிருந்தது. அவர்கள் அடுப்பைச் சொன்னார்கள். நான் அடுப்புக்கு மட்டும் பதில் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோதும் கண்ணுக்குத் தெரிந்த மஞ்சள் சுடரைச் சரிசெய்துவிட்டு, எல்லாம் சரியாயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். உண்மையான ஆபத்தைச் சொல்வதற்கு, வாசற்படிக்கு வெளியே கூடையோடு நிற்கிற ஒருவரைக் கர்த்தர் அனுப்பவேண்டியிருந்தது. அவரும் ஒரு வாரத்திற்கு முன்பே சொல்லியிருந்தார்.

ஆகையால் இந்த வாரம் உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, உங்கள் அடுக்களைக்குப் போங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் கடந்திருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். கம்பி வலை பொதிந்த தரமான குழாயையே வாங்குங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். அடுப்பின் பின்னால் சுவரை ஒட்டியிருக்கும் முனையைத் தவறாமல் பாருங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்யவேண்டும் என்று பொருள். தேதி கடந்ததை வாங்காதீர்கள். கசிவைச் சந்தேகித்தால் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது.

இரண்டாவது, தனியே இருக்கிற ஒரு முதியவரின் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசி போதாது. உங்கள் பெற்றோராக இருக்கலாம், நம் சபையில் ஆராதனைக்கு வரமுடியாமல் வீட்டோடு இருக்கிறவராக இருக்கலாம். "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே அடுக்களையில் சிறிது நேரம் அவர்களோடு உட்காருங்கள். ஒரு பூவையோ காபித்தூளையோ கொடுத்து, வாசனை தெரிகிறதா என்று கேளுங்கள். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் ஒரு குறையை இரண்டாம் முறை சொன்னால், மூன்றாம் முறைக்குக் காத்திராதீர்கள். நான் காத்திருந்தேன். கர்த்தருடைய இரக்கத்தினால் மட்டுமே இன்று என் தாயாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்பொழுது அம்மாவின் அடுக்களையில் புதிய குழாய் பொருத்தியாயிற்று. கசிந்தால் ஒலியெழுப்பும் ஒரு சிறு கருவியையும், கேஸ் தாழப் படியும் என்பதால், தரைக்குச் சற்று மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். மருத்துவரிடமும் காட்டியிருக்கிறோம். திங்கட்கிழமைதோறும் சிதம்பரம் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். நான் தவறினால் என்னைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மீன்காரப் பெண்மணி இப்போதெல்லாம் கூடையை இறக்கியவுடன் முதலில் அடுக்களை வாசலில் வந்து நின்று மோந்து பார்க்கிறாராம். "ஒண்ணுமில்ல ஆயா" என்று சொன்ன பிறகுதான் மீன் விலை பேசுகிறார்களாம். அவருக்காகவும், கடலுக்குப் போகிற அவருடைய வீட்டாருக்காகவும் இந்த வாரம் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் வீடுகளையும், அவற்றில் தனியே விளக்கேற்றும் உங்கள் முதியோரையும் காப்பாராக. ஆமென்.